புறக்கோள்களின் திங்கள்கள்

‘திங்கள்’ என்னும் தமிழ்ச்சொல் நிலவைக் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். வளர்ந்தும் தேய்ந்தும் வரும் ஓர் ஒளியைக் கொண்டே நம் முன்னோர் காலத்தை அளந்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்றாகும். பிறை கண்டு மாதத்தைத் தொடங்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றளவும் வாழ்கிறது. எனினும், திங்கள் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது ஒரே ஒரு நிலவுதான். அது நம் பூமிக்கு உரியது. கதிரவனைச் சுற்றும் எட்டுக் கோள்களுள் புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவே இல்லை. செவ்வாய்க்கு இரண்டு சிறு நிலவுகள் உண்டு. கோள்களுக்குரிய ஏனைய நிலவுச் செல்வம் முழுவதும் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கு புறக்கோள்களிடமே குவிந்து கிடக்கிறது.

இந்நான்கும் கதிரவனுக்கு மிகத் தொலைவில் உள்ளவை. பூமி பெறும் வெயிலில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கே வியாழனை அடைகிறது. சனியை அடைவது 90-இல் ஒரு பங்கு. நெப்டியூனை அடைவது 900-இல் ஒரு பங்கு. ஆகவே அங்குள்ள நிலவுகள் உறைந்துபோய், தோன்றிய நாளில் இருந்தபடியே மாறாது கிடக்கும் பாறைகளும் பனிக்கட்டிகளுமாகவே இருத்தல் வேண்டும் என்று அறிவுலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் 1979-ஆம் ஆண்டில் தகர்ந்தது. வெயில் எட்டாத இடத்திலும் வெப்பம் பிறக்கும். பனிக்கட்டிக்கு அடியிலும் கடல் கிடக்கும் என்னும் உண்மை அதன்பின் படிப்படியாக வெளிப்பட்டது. அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள, தொலைநோக்கி தோன்றிய காலத்திலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

கலிலியோ கண்ட நான்கு

1610-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7-ஆம் நாள் இரவு, இத்தாலி நாட்டின் பதுவா நகரில் கலிலியோ தாம் செய்த தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினார். கோளின் அருகே மூன்று சிறு விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்கக் கண்டார். மறுநாள் பார்த்தபோது அவை இடம் மாறியிருந்தன. தொடர்ந்து நோக்கினார். 13-ஆம் நாள் நான்காவது ஒன்றும் தெரிந்தது. விண்மீன்களாயின் வியாழன் நகர்ந்து செல்ல அவை பின்தங்கியிருக்க வேண்டும். இவையோ கோளை விட்டு அகலாமல், இப்புறமும் அப்புறமும் மாறி மாறித் தோன்றின. இவை வியாழனைச் சுற்றி வருபவை என்று தெளிந்த கலிலியோ, அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூலாக இதனை வெளியிட்டார்.

இக்கண்டுபிடிப்பின் அருமை நான்கு நிலவுகள் கிடைத்தன என்பதில் மட்டும் அடங்கவில்லை. பூமியே அசையாத நடுவிடம் என்று நம்பியோர், ‘பூமி ஓடுமாயின் நிலவு அதனோடு எவ்வாறு ஓடிவரும்? வழியில் பிரிந்து போகாதா?’ என்று வினவி வந்தனர். வியாழன் ஓடுகிறது என்பதை இரு சாராரும் ஒப்புக்கொண்டவர்கள். அது நான்கு நிலவுகளைச் சிதறவிடாமல் தன்னோடு இட்டுச் செல்வதைக் கண்ணால் கண்டபின் அவ்வினாவுக்கு வலுவில்லாமற் போயிற்று. பூமி சுழல்வதை இது நிறுவிவிடவில்லை. எதிர்வாதத்தின் ஒரு தூணைச் சாய்த்தது என்பதே சரியான மதிப்பீடு.

கலிலியோ தம் புரவலரான மெடிசி குடும்பத்தாரின் பெயரை அந்நிலவுகளுக்குச் சூட்டினார். அப்பெயர் நிலைக்கவில்லை. செருமானிய அறிஞர் சீமோன் மாரியசு 1614-இல் வெளியிட்ட நூலில் கண்ட கிரேக்கக் கதைப் பெயர்களே இன்று வழங்குகின்றன. அவை அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்பன. முதலாவதை ஒலிப்புக்கேற்ப ‘ஐயோ’ என்று எழுதினால் தமிழில் அழுகுரலாகிவிடும். ஆதலின் ‘அயோ’ என்றே எழுதுகிறோம்.

வானில் தொங்கிய கடிகாரம்

அயோ வியாழனை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் 42½ மணி நேரம். அதாவது, அயோவின் ‘மாதம்’ நம் இரண்டு நாளினும் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறைகிறது, பின்னர் வெளிப்படுகிறது. மறைவும் தோற்றமும் தவறாது நிகழ்வதால், எவரும் சாவி கொடுக்க வேண்டாத ஒரு கடிகாரமாக அது பயன்படும் என்பதைக் கலிலியோவே உணர்ந்திருந்தார். அயோ மறையும் அதே கணத்தை இரண்டு ஊர்களில் இருவர் நோக்கி, தத்தம் ஊர் நேரத்தைக் குறித்துக்கொண்டால், இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு அவ்வூர்களின் நெடுங்கோட்டு வேறுபாட்டைக் காட்டிவிடும். நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை என்பது கணக்கு. அலையில் ஆடும் கப்பலில் இருந்தவாறு இந்நுண்ணிய காட்சியைத் தொலைநோக்கியில் பிடிப்பது இயலாததாயிற்று. நிலத்தில் இம்முறை நன்கு பயன்பட்டது. 1668-இல் காசினி என்னும் வானியலார் வெளியிட்ட அட்டவணைகளைத் துணைக்கொண்டு பிரான்சு நாட்டை அளந்தபோது, அந்நாட்டின் மேற்குக் கரை பழைய வரைபடங்கள் காட்டியதைவிடக் கிழக்கே இருப்பது தெரியவந்தது.

அந்தக் கடிகாரத்தில் ஒரு குறை இருந்தது. ஆண்டின் சில மாதங்களில் அது முந்தியது. வேறு சில மாதங்களில் பிந்தியது. பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டு இளைஞர் ஒலே ரோமர் இதனை ஆராய்ந்தார். பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் காலத்தில் மறைவுகள் தாமதமாகத் தெரிகின்றன. நெருங்கிச் செல்லும் காலத்தில் முன்னதாகத் தெரிகின்றன. எனவே பிழை அயோவிடத்தில் இல்லை. செய்தி கொண்டுவரும் ஒளி வழியில் காலம் எடுத்துக்கொள்கிறது என்று அவர் முடிவு செய்தார். பூமி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அயோ ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் பூமி 46 இலட்சம் கிலோமீட்டர் வரை விலகியிருக்கும். அவ்விடைவெளியைக் கடக்க ஒளிக்கு 15 வினாடி வேண்டும். ஒரு சுற்றில் 15 வினாடி என்பது அக்காலக் கருவிக்குப் பிடிபடாதது. நாற்பது சுற்றுகளில் அது 10 நிமிடமாகச் சேர்ந்துவிடுகிறது. 1676 நவம்பர் 9-ஆம் நாளுக்குரிய தோற்றம் கணக்கிட்டதைவிட 10 நிமிடம் பிந்தித் தெரியும் என முன்கூட்டியே சொல்லப்பட்டு, அவ்வாறே நிகழ்ந்தது.

பூமியின் பாதையை விட்டத்தில் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார் ரோமர். இன்றைய கணக்கில் அது 17 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. எண் சற்றே தவறினும் கருத்து தவறவில்லை. ஒளி செல்வதற்கும் காலம் வேண்டும் என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே கருதியவர் ஒளியியல் மேதை இப்னுல் ஹைதம். அதனை மெய்ப்பித்துக் காட்டப் போதிய தொலைவும் கடிகாரமும் அவர் கையில் இல்லை. இரண்டையும் ஒருசேர வழங்கியது வியாழனின் இச்சிறு நிலவே.

வளைந்து நிமிரும் உலகம்

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் நிலவுகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. சனியின் பெருநிலவாகிய டைட்டனை 1655-இல் ஹைகன்ஸ் கண்டார். சனியின் மேலும் நான்கு நிலவுகளைக் காசினி கண்டார். யுரேனஸைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், அதன் இரு நிலவுகளை 1787-இலும், சனியின் மைமாஸ், என்செலடஸ் ஆகியவற்றை 1789-இலும் கண்டார். 1846-இல் நெப்டியூன் கண்டறியப்பட்ட பதினேழாம் நாளே அதன் நிலவாகிய டிரைட்டனை லாசல் கண்டுவிட்டார். ஆயினும் எத்துணைப் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் இவை ஒளிப்புள்ளிகளாகவே இருந்தன. அவற்றின் முகத்தை யாரும் கண்டாரில்லை.

1977-இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களே முதன்முதலில் அவற்றின் முகங்களை நுணுக்கமாகக் காட்டின. வாயேஜர் 1 வியாழனை 1979 மார்ச்சு 5-ஆம் நாள் நெருங்கியது. அதற்கு மூன்று நாள் முன்னர், பீல், காசன், ரெனால்ட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருந்தனர். அயோவின் உட்பகுதி உருகியிருக்க வேண்டும். அங்கு எரிமலைகள் காணப்படலாம் என்பது அவர்தம் கணிப்பு. மார்ச்சு 8-ஆம் நாள் விண்கலம் அயோவைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தது. கலத்தின் வழியைச் சரிபார்ப்பதற்காக எடுக்கப்பட்ட படம் அது. அதனை ஆராய்ந்துகொண்டிருந்த லிண்டா மொரபிட்டோ என்னும் பொறியாளர், அயோவின் விளிம்புக்கு மேலே குடை விரித்தாற்போன்ற ஒரு மேகத்தைக் கண்டார். அது ஏறத்தாழ 270 கிலோமீட்டர் உயரம் எழுந்த எரிமலைப் புகை. பூமிக்கு அப்பால் செயற்படும் எரிமலை கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. இன்று அயோவில் 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள் செயற்படுவதாக அறிகிறோம்.

இக்கணிப்பு எவ்வாறு பலித்தது என்பதே இக்கட்டுரையின் நடுநாயகமான செய்தி. ஆதலின் சற்று விரிவாக நோக்குவோம்.

அயோவும் நம் நிலவும் பருமனில் ஏறக்குறைய ஒத்தவை. நம் நிலவின் விட்டம் 3,475 கிலோமீட்டர். அயோவின் விட்டம் 3,643 கிலோமீட்டர். நம் நிலவு பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அயோ வியாழனிலிருந்து ஏறத்தாழ 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒன்று குளிர்ந்து கிடக்கிறது, மற்றொன்று கொதிக்கிறது. வேறுபாடு அவை சுற்றும் கோள்களில் உள்ளது. வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறை உடையது. அதன் ஈர்ப்பு அயோவின் அருகுப்பக்கத்தை வலுவாகவும், அப்பாற்பக்கத்தைச் சற்றுத் தளர்வாகவும் இழுக்கிறது. அதனால் அயோ முட்டை வடிவில் நீள்கிறது. நம் கடலில் ஓதம் எழுவதற்கும் இதே காரணந்தான்.

ஆனால் நீண்டபடியே இருந்தால் வெப்பம் தோன்றாது. நீள்வதும் சுருங்குவதும் மாறி மாறி நிகழ வேண்டும். இரும்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் மடக்கியும் நிமிர்த்தியும் வந்தால், அவ்விடம் விரலைச் சுடும். மடக்கிய கம்பியைச் சும்மா வைத்திருந்தால் சுடாது. அயோவை மடக்கி நிமிர்த்துவது எது? அதன் உடன்பிறப்புகளே. அயோ நான்கு முறை சுற்றும் காலத்தில் யூரோப்பா இரண்டு முறையும், கானிமீட் ஒரு முறையும் சுற்றுகின்றன. தாளம் தவறாத இவ்வோட்டத்தால் அயோவும் யூரோப்பாவும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நெருங்குகின்றன, நெருங்கும்போதெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. தனித்து விடப்பட்டிருந்தால் அயோவின் பாதை நாளடைவில் முழு வட்டமாகி, அசைவு அடங்கியிருக்கும். உடன்பிறப்புகள் அதனை அடங்கவிடுவதில்லை. பாதை சிறிதே நீள்வட்டமாக நிலைப்பதால், வியாழனுக்கும் அயோவுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கூடிக் குறைகிறது. அதற்கேற்ப அயோவின் திண்ணிய தரையே 100 மீட்டர் வரை எழுந்து தாழ்கிறது. நம் கடலில் நீர் எழுந்து தாழ்கிறது. அங்கே பாறை எழுந்து தாழ்கிறது. 42½ மணிக்கு ஒருமுறை ஓர் உலகமே வளைந்து நிமிரும்போது அதன் உள்ளகம் உருகுவதில் வியப்பில்லை.

பனிக்கு அடியில் கடல்

இதே உரசல், சற்றே குறைந்த அளவில், யூரோப்பாவிலும் நிகழ்கிறது. 3,120 கிலோமீட்டர் விட்டமுள்ள இந்நிலவின் மேற்பரப்பு முழுவதும் பனிக்கட்டி. அதன்மீது நெடிய வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எரிகற்கள் விழுந்த பள்ளங்களோ மிகக் குறைவு. பள்ளங்கள் குறைவு என்றால் தரை புதிது என்று பொருள். பழைய வடுக்களைப் புதிய பனி மூடிவிட்டிருக்கிறது.

1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலம் மற்றொரு சான்றையும் அளித்தது. வியாழனின் காந்தப்புலம் கோளோடு சேர்ந்து சுழல்கையில், யூரோப்பாவின் உள்ளே ஏதோ ஒன்று மின்னோட்டம் பாயும் பொருளாக அதற்கு மறுமொழி கூறியது. பனிக்கட்டி அவ்வாறு செய்யாது; உப்பு நீர் செய்யும். பல கிலோமீட்டர் தடித்த பனி ஓட்டின் கீழே உப்புக்கடல் ஒன்று யூரோப்பா முழுவதையும் சூழ்ந்துள்ளது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். அதன் நீர், பூமியின் பெருங்கடல்கள் அனைத்தினும் ஏறத்தாழ இருமடங்கு என மதிப்பிடுவர். புதன் கோளினும் பெரியதான கானிமீடில் தனிக் காந்தப்புலம் இருப்பதை 1996-இல் அதே விண்கலம் கண்டது. அதன் உள்ளேயும் கடல் உண்டு என்பதற்கு 2015-இல் ஹபிள் தொலைநோக்கி சான்று தந்தது. கலிஸ்டோ அத்தாளக் கட்டில் சேராமல் தொலைவில் தனித்துச் சுற்றுகிறது. அதன் முகம் பள்ளங்களால் நிறைந்து, பழைமை மாறாமல் இருப்பதும் நம் விளக்கத்தை உறுதி செய்கிறது.

இவ்வரிசையில் நமக்கு மிகுந்த வியப்பைத் தருவது சனியின் என்செலடஸ். அதன் விட்டம் 504 கிலோமீட்டர்; நம் நிலவின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. வெப்பநிலை சராசரியாகச் சுழிக்குக் கீழ் 200 பாகை. இத்துணைச் சிறிய பனியுருண்டை முன்னமே உறைந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்வர். 2005-இல் காசினி விண்கலம் அதன் தென்முனையில் நான்கு நீண்ட பிளவுகளைக் கண்டது. அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் வானில் பீறிட்டுக்கொண்டிருந்தன. சனியைச் சூழ்ந்துள்ள மெல்லிய வெளிவளையம் ஒன்று அத்துகள்களாலேயே ஆனது.

அந்நான்கு பிளவுகளின் பெயர்கள் பக்தாத், கெய்ரோ, டமாஸ்கஸ், அலெக்சாந்திரியா என்பன. என்செலடஸின் நிலத்தோற்றங்களுக்கு ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளில் வரும் ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் சூட்டுவது வானியலார் வகுத்துக்கொண்ட மரபு. அங்குள்ள பள்ளங்களில் அலாவுதீன் உண்டு, அலிபாபா உண்டு, சிந்துபாத் உண்டு. ‘சரந்தீப்’ என்றொரு சமவெளியும் உண்டு. இலங்கையை அரபு வணிகர் அழைத்த பெயர் அது. நம் பாட்டிமார் வாய்மொழியாகச் சொன்ன கதைகளின் பெயர்கள் சனியின் நிலவொன்றில் நிலைத்துவிட்டன என்பது இலக்கிய மாணவர் அறிய வேண்டிய செய்தி.

காசினி அந்நீர்த்தாரைகளின் ஊடாகவே பலமுறை பறந்தது. உப்பு, கரிமச் சேர்மங்கள், நுண்ணிய சிலிக்காத் துகள்கள் ஆகியவை அவற்றில் இருந்தன. வெந்நீர் பாறையோடு உறவாடும்போது அத்தகைய துகள்கள் உண்டாகும். ஐதரசன் வளி இருப்பது 2017-இலும், உயிர்களுக்கு இன்றியமையாத பாசுபரசின் சேர்மங்கள் இருப்பது 2023-இலும் அறிவிக்கப்பட்டன. நீர், வெப்பம், வேதிப்பொருள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. உயிர் இருக்கிறதா என்றால், இதுவரை எங்கும் கண்டறியப்படவில்லை என்பதே நேர்மையான விடை. கடல் உண்டு என்பதையே உயிர் உண்டு என்பதாக எழுதிவிடும் இதழ்களும் உள. நாம் அவ்வாறு தாவுதல் ஆகாது.

அயோவுக்கு யூரோப்பா வாய்த்ததுபோல் என்செலடஸுக்கு டையோனி என்னும் நிலவு வாய்த்திருக்கிறது. டையோனி ஒருமுறை சுற்றுவதற்குள் என்செலடஸ் இருமுறை சுற்றுகிறது. ஆயினும் இவ்விளக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. என்செலடஸினும் சனிக்கு அண்மையில் உள்ள மைமாஸ், பள்ளங்கள் நிறைந்து உயிரற்ற பாறைபோல் தோன்றுகிறது. அதன் அடியிலும் அண்மைக் காலத்தில் தோன்றிய கடல் இருக்கலாம் என 2024-இல் ஓர் ஆய்வு கூறியுள்ளது.

ஆறும் ஏரியும் உடைய நிலவு

டைட்டன் தனி வகையைச் சேர்ந்தது. 5,150 கிலோமீட்டர் விட்டமுள்ள இந்நிலவு, அடர்ந்த காற்று மண்டலம் உடைய ஒரே நிலவு. காற்றின் பெரும்பகுதி நைட்ரசன்; அழுத்தம் பூமியில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. செம்மஞ்சள் மூட்டம் தரையை மறைத்து நிற்கிறது. 2005 சனவரி 14-ஆம் நாள் ஹைகன்ஸ் என்னும் ஆய்வுக்கலம் குடைவிரித்து அங்கு இறங்கியது. மனிதன் செய்த பொருள் புறக்கோள் நிலவொன்றில் தரையிறங்கியது அந்த ஒருமுறையே. உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் பரவிய நிலத்தை அது படமெடுத்து அனுப்பியது. அக்கற்கள் பாறையால் ஆனவை அல்ல, நீர்ப்பனியால் ஆனவை.

சுழிக்குக் கீழ் 179 பாகைக் குளிரில் நீர் பாறையைப்போல் இறுகிக் கிடக்கிறது. நீர் ஆற்ற வேண்டிய தொழிலை அங்கே மீத்தேன் ஆற்றுகிறது. நம் அடுப்பங்கரைச் சாண எரிவாயுவில் உள்ள அதே மீத்தேன், டைட்டனில் மேகமாகிறது, மழையாகப் பொழிகிறது, ஆறாக ஓடி ஏரியில் சேர்கிறது. ஈர்ப்பு குறைந்து காற்று அடர்ந்திருப்பதால் மழைத்துளிகள் மெல்ல மெல்லவே இறங்கும். வடமுனையில் உள்ள கிராக்கன் என்னும் மீத்தேன் கடல் நம் காஸ்பியன் கடலினும் பரந்தது. சூரிய ஒளி மீத்தேனைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால், அது எங்கிருந்தோ மீண்டும் ஊறி வரவேண்டும். எவ்விடத்திலிருந்து ஊறுகிறது என்பது தீராத வினா.

யுரேனஸின் நிலவுகளைப் பற்றிச் சொல்வதற்குச் செய்திகள் குறைவு. 1986-இல் வாயேஜர் 2 அவ்வழியே கடந்து சென்றதன்றி வேறு விண்கலம் எதுவும் அங்குச் சென்றதில்லை. ஆனால் அவற்றின் பெயர்கள் நம் துறையினர்க்கு உவப்பானவை. டைட்டானியா, ஓபரான், மிராண்டா, ஏரியல் என்பன சேக்சுபியரின் நாடகங்களில் உலவுபவர்களின் பெயர்கள். அம்பிரியல் அலெக்சாண்டர் போப்பின் காவியத்திலிருந்து வந்தது. வானுக்குப் பெயர் வைக்கும் வேளையில் அறிவியலாரும் இலக்கியத்தின் வாயிலில்தான் வந்து நிற்கின்றனர்!

நெப்டியூனின் டிரைட்டன் தன் கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. பெரிய நிலவுகளில் இவ்வாறு சுற்றுவது இது ஒன்றே. கோளோடு உடன் பிறந்த நிலவு அவ்வாறு சுற்றுதல் இயலாது. நெப்டியூனுக்கு அப்பால் திரிந்த புளூட்டோ போன்ற ஒன்று, ஈர்ப்பில் அகப்பட்டு நிலவாகிவிட்டது என்பர். 1989-இல் வாயேஜர் 2 அதன் மேற்பரப்பிலிருந்து நைட்ரசன் தாரைகள் 8 கிலோமீட்டர் உயரம் எழக் கண்டது. எதிர்த்திசை ஓட்டத்தின் விளைவாக டிரைட்டன் சிறிது சிறிதாக நெப்டியூனை நோக்கிச் சுருங்கி வருகிறது. பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின்னர் அது கோளின் ஈர்ப்பால் கிழிந்து சிதறக்கூடும்.

எண்ணிக்கை

தேர்வு எழுதும் மாணவர் முதலில் கேட்கும் வினா, எந்தக் கோளுக்கு எத்தனை நிலவு என்பது. 1970-ஆம் ஆண்டளவில் அறியப்பட்டிருந்தவை வியாழனுக்கு 12, சனிக்கு 10, யுரேனஸுக்கு 5, நெப்டியூனுக்கு 2. அவற்றை மனனம் செய்து மதிப்பெண் பெற்ற தலைமுறை நம்முடையது. 2025 மார்ச்சில் சனிக்கு மட்டும் 128 புதிய நிலவுகளைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. அதனோடு சனியின் எண்ணிக்கை 274 ஆயிற்று. அவற்றுள் மிகப் பல, சில கிலோமீட்டர் அளவே உள்ள பாறைத் துண்டுகள். தம் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றவை நான்கு கோள்களிலும் சேர்த்து 17 மட்டுமே. எண்ணிக்கை இன்னும் வளரும். பாடநூல் பின்னே ஓடிவரும். அயோ ஏன் சுடுகிறது என்பதை விளங்கிக்கொண்ட மாணவனுக்கு அவ்விளக்கம் என்றும் பழையதாகாது. ஆதலின் வினாத்தாள் அமைப்போர் எண்ணிக்கையை விடுத்துக் காரணத்தைக் கேட்பது நலம் என்பது நம் கருத்து.

செல்லும் கலங்கள்

கலிலியோ விண்கலம் 2003-இலும், காசினி 2017-இலும் எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தன. அவற்றை அப்படியே அலையவிட்டிருந்தால் என்றேனும் ஒருநாள் யூரோப்பாவிலோ என்செலடஸிலோ மோதியிருக்கக்கூடும். பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற நுண்ணுயிர் ஏதேனும் அக்கடல்களில் கலந்துவிடலாகாது என்று, முன்னதை வியாழனுக்குள்ளும் பின்னதைச் சனிக்குள்ளும் செலுத்தி எரித்துவிட்டனர். இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத உயிருக்காகப் பெரும்பொருட்செலவில் உருவான கலங்களை அழித்தமை நம் மதிப்புக்கு உரியது.

2023 ஏப்பிரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஜூஸ் என்னும் கலம் 2031-இல் வியாழனை அடைந்து, பின்னர்க் கானிமீடைச் சுற்றிவரத் திட்டமிடப்பட்டுள்ளது. 2024 அக்டோபரில் நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர் 2030-இல் சென்றடையும் என எதிர்பார்க்கின்றனர். அது யூரோப்பாவை ஏறத்தாழ ஐம்பது முறை நெருங்கிக் கடக்கும். டைட்டனின் காற்றில் பறந்து இடம் மாறி ஆராயும் டிராகன்பிளை என்னும் கலத்தை 2028-இல் ஏவ எண்ணியுள்ளனர்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கைக்கு அடக்கமான இருகண் நோக்கி ஒன்று போதும். வியாழன் உச்சிக்கு அண்மையில் ஒளிரும் மாதங்களில், கையாட்டம் இல்லாதவாறு சுவரிலோ தூணிலோ சாய்த்துப் பிடித்து நோக்கினால், கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனைபோன்ற புள்ளிகள் தெரியும். ஒருநாள் நான்கு தெரியும், ஒருநாள் மூன்று. கண்டதை ஒரு தாளில் வரைந்து நாளும் நேரமும் குறித்து வைக்கலாம். மறுநாள் அதே நேரத்தில் பார்க்கும்போது அயோ பாதிச் சுற்றுக்குச் சற்று மேலேயே ஓடி முடித்திருக்கும்; முதல்நாள் கோளை விட்டு நன்கு விலகி இடப்புறம் நின்றிருந்தால், இன்று வலப்புறம் நிற்கும். கலிஸ்டோ அவ்வளவு விரையாது. அதன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 நாள் ஆகும். இரண்டு வாரம் தவறாமல் வரைந்தால் அதன் போக்கும் பிடிபட்டுவிடும்.